செய்ய வைத்தார், செய்ய விட்டார், செய்வித்தார்: பிறவினைக்குள் வற்புறுத்தல் எப்போது வருகிறது? முழுமையான வழிகாட்டி

"அதிகாரி அவரைக் கையொப்பமிட வைத்தார்."

"மிளகாய்ப் புகை அவரைத் தும்ம வைத்தது."

இரண்டும் ஒரே அச்சில் வார்த்த வாக்கியங்கள். இரண்டிலும் அதே 'ஐ' உருபு, அதே 'வைத்தல்'. ஆனால் முதலாவதைப் படித்ததும் "ஏன், அந்த ஆளுக்கு விருப்பமில்லையா?" என்று கேட்கத் தோன்றுகிறது. இரண்டாவதில் அந்தக் கேள்விக்கே இடமில்லை. புகை அவரைத் தும்மச் சொல்லி வற்புறுத்தியது என்று யாராவது சொன்னால், சொன்னவரை ஒரு மாதிரியாகப் பார்ப்போம்.

பேசும்போது இதில் யாருக்கும் தடுமாற்றம் வருவதில்லை. எழுதும்போதுதான் சிக்கல். மட்டக்களப்புக் கச்சேரிக்கு (மாவட்டச் செயலகத்துக்கு) போகிற மனு, கல்முனையிலிருந்தோ அக்கரைப்பற்றிலிருந்தோ பத்திரிகைக்குப் போகிற செய்தி, சிங்களத்தில் பதிந்த வாக்குமூலத்தின் தமிழாக்கம் என்று எதை எடுத்தாலும் 'வைத்தார்', 'விட்டார்', 'செய்வித்தார்' மூன்றும் கைக்கு வந்தபடி விழுந்திருக்கும். ஒரு சொல் மாறினால் ஒருவர் தலையில் இல்லாத குற்றம் ஏறிவிடும். அல்லது ஏற வேண்டிய குற்றம் நழுவிவிடும்.

நான் சொல்ல வருவது இதுதான்: வற்புறுத்தல் 'வை'க்குள் இல்லை. அதற்கு முன்னால் நிற்கிற வினை விரும்பிச் செய்வதா, தானாக நேர்வதா என்பதைப் பொறுத்தே அது வருகிறது. அதை எடைபோடும் வழியைப் படிப்படியாகப் பார்ப்போம்.

படி 1: ஏவியவரைக் கழற்றிவிட்டுப் பாருங்கள்

பிறவினை என்றால் ஒருவர் இன்னொருவரைக் கொண்டு ஒன்றைச் செய்விப்பது. அந்த வாக்கியத்தில் இரண்டு தரப்பு உண்டு, ஏவுபவர் ஒன்று, செய்பவர் ஒன்று. பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வேற்றுமை படித்தபோது வந்த ஏவுதற் கருத்தாவும் இயற்றுதற் கருத்தாவும் இவர்கள்தான். கோயில் அரசனால் கட்டப்பட்டது என்றால் அரசன் ஏவியவன். தச்சனால் கட்டப்பட்டது என்றால் தச்சன் கையால் செய்தவன்.

முதல் வேலையாக ஏவியவரை எடுத்துவிட்டு, செய்தவரை மட்டும் வைத்து, அவர் தானே செய்ததாகத் தன்வினை வாக்கியம் ஒன்று எழுதுங்கள். "அவர் கையொப்பமிட்டார்." "அவர் தும்மினார்." இனிக் கேட்கும் கேள்வியெல்லாம் இந்தச் சிறு வாக்கியத்திடம்தான்.

பிறவினை எந்த உருவத்திலும் வரலாம். ஓடு–ஓட்டு, இறங்கு–இறக்கு, திருந்து–திருத்து போலச் சொல்லே உள்ளுக்குள் மாறலாம். நன்னூல் சொல்கிற 'வி', 'பி' சேரலாம்: செய்வி, கற்பி. 'ஆக்கு', 'படுத்து' வரலாம். நாம் நாளாந்தம் சொல்கிற 'விளங்கப்படுத்து' அந்த வகை. இல்லையென்றால் வினையெச்சத்தோடு வை, செய், பண்ணு, விடு என்று ஒரு துணைவினை ஒட்டும். 'அழ வைத்தான்', 'அழச் செய்தான்', 'அழப் பண்ணினான்' மூன்றும் நடையில்தான் வேறு. வற்புறுத்தல் கணக்கில் மூன்றும் ஒன்றே, அதனால் இனி 'வை'யை மட்டுமே எடுத்துக்கொள்கிறேன். 'விடு' வேறு சங்கதி. அது பின்னால்.

படி 2: 'மாட்டேன்' என்று சொல்ல முடியுமா?

உரித்தெடுத்த தன்வினையைச் செய்தவர், "நான் மாட்டேன்" என்று மறுத்திருக்கக் கூடுமா? கூடுமென்றால் அது விருப்பவினை. எழுது, போ, பாடு, சமை, கொடு, இறங்கு, கையொப்பமிடு எல்லாம் அப்படி. தும்மு, வியர், நடுங்கு, மயங்கு, திகை, பசி ஆகியவற்றில் மறுப்புக்கு வேலையே இல்லை. "நான் வியர்க்க மாட்டேன்" என்று ஒருவர் சொன்னால் அது பந்தயமாக இருக்கலாம், மறுப்பாக இருக்க முடியாது.

சந்தேகம் வந்தால் ஏவல் வடிவத்தில் சொல்லிப் பாருங்கள். "எழுது!" என்பது கட்டளை. "மயங்கு!" என்பது நாடக ஒத்திகையில் மட்டுமே கேட்கும். 'வேண்டுமென்றே' என்ற சொல்லைச் சேர்த்தும் பார்க்கலாம். "வேண்டுமென்றே எழுதினான்" நிற்கும். "வேண்டுமென்றே வியர்த்தான்" நிற்காது.

இது ஏன் வேலை செய்கிறது? வற்புறுத்தல் என்றால் ஒருவரின் மனத்தை மீறுவது. மனத்துக்கு வேலையில்லாத இடத்தில் மீறுவதற்கு ஒன்றும் கிடையாது, காரணமும் விளைவும்தான் மிஞ்சும். விருப்பவினையிலோ இன்னொரு கணக்கும் ஓடுகிறது. அந்த ஆள் தானாகவே கையொப்பமிட்டிருந்தால் "கையொப்பமிட்டார்" என்று சொல்லி முடித்திருப்போம். அதை விட்டு, இன்னொருவரைக் கொண்டுவந்து நிறுத்தி, 'வைத்தார்' என்று நீட்டுகிறோம். கேட்பவர் அந்த நீட்டலுக்குக் காரணம் தேடுகிறார். "தன்பாட்டில் விட்டிருந்தால் செய்திருக்க மாட்டார் போல" என்ற முடிவுக்கு வருகிறார். வற்புறுத்தல் நுழைகிற வாசல் இதுதான்.

படி 3: இரண்டு பக்கமும் சாய்கிற வினைகள்

மேலே சொன்னவை சுலபமானவை. தமிழில் மிகுதியாகப் புழங்குகிற வினைகள் பல ஒரு நேரம் விருப்பமாகவும் ஒரு நேரம் தானாகவும் நடக்கின்றன. இந்தப் படியில் அவசரப்பட வேண்டாம்.

'ஆடு' என்ற வினையை எடுங்கள். நம்முடைய மட்டக்களப்புப் பகுதியில் இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

வடமோடிக் கூத்து ஒன்று பழகுகிறார்கள். கூத்துப் பழக்குகிற அண்ணாவியார் சட்டம் (பாத்திரம்) கொடுத்து, தாளக்கட்டு சொல்லிக்கொடுத்து, மாதக்கணக்கில் பழக்கி, கூச்சக்காரப் பொடியன் ஒருவனைக் கூத்துக் களரியில் ஏற்றுகிறார். "அண்ணாவியார் அவனை ஆட வைத்துவிட்டார்" என்று ஊர் சொல்கிறது. ஆடுவது விருப்பவினை, அவன் மறுத்திருக்கலாம். ஆனால் அந்த வாக்கியத்தில் பாராட்டுத்தான் கேட்கிறது. மீறப்பட்டது அவன் விருப்பம் அல்ல, அவனுடைய கூச்சம்.

இதே சொல் பல்கலைக்கழக விடுதிக்குப் போகட்டும். "மூத்த மாணவர்கள் முதலாம் வருடக்காரரை ஆட வைத்தார்கள்." இது பகிடிவதை (ராகிங்). யாருக்கும் விளக்கம் தேவையில்லை. 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் கல்வி நிறுவனங்களில் பகிடிவதையைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியிருக்கிறது. பாதிக்கப்பட்ட மாணவர் முறைப்பாட்டில் "ஆடினோம்" என்று எழுதினால் விளையாட்டாகிவிடும். "ஆட வைத்தார்கள்" என்றால்தான் முறைப்பாடு ஆகும்.

இனி கோயில் சடங்கு. உடுக்கு அடிக்கிறது, பறை முழங்குகிறது, ஒருவருக்கு உரு வருகிறது, அதாவது சாமி வருகிறது. "உடுக்குச் சத்தம் அவரை ஆட வைத்தது." இப்போது ஆடுவது அவருடைய கையில் இல்லை. சடங்கு முடிந்தபின் கேட்டால் தனக்கு ஒன்றும் தெரியாது என்பார். அங்கே 'வை' வெறும் காரணத்தைத்தான் சொல்கிறது. வற்புறுத்தல் என்ற பேச்சு எடுத்தால் பக்கத்தில் நின்று சடங்கு நடத்துகிற கட்டாடியாரே கோபிப்பார். அப்பர் தேவாரத்தில் இறைவன் ஆட்டுவிக்கிறான் என்று வருவதையும் கட்டாயமாக யாரும் படிப்பதில்லை. ஆடு, ஆட்டு, ஆட்டுவி என்று சொல் இரண்டு படி ஏறிய பிறகு, அடியில் நிற்பவருக்கு மறுக்க மனமே மிச்சமில்லை.

கடைசியாக, காற்று தென்னையை ஆட வைக்கிறது. இது கணக்கிலேயே இல்லை.

ஆக ஒரு வினையைத் தனியாக வைத்து "இது விருப்பவினை" என்று முத்திரை குத்திவிட முடியாது. அந்த இடத்தில், அந்த ஆளுக்கு அது விருப்பமா என்று பார்க்க வேண்டும். வேறு சிலவற்றையும் சொல்லிவிடுகிறேன்.

சிரி: பகிடி சொல்லிச் சிரிக்க வைப்பது காரணம். கலியாண வீட்டில் படம் பிடிக்கிறவர் அழுத மணப்பெண்ணைச் சிரிக்க வைப்பது கிட்டத்தட்டக் கட்டளை. பிந்தியதற்குச் 'சிரிக்கச் சொன்னார்' என்று எழுதினால் குழப்பம் வராது.

நித்திரை: யாரும் கட்டளைக்குத் தூங்குவதில்லை. பிள்ளையைப் 'படுக்க வைத்தாள்' என்றால் பிள்ளை முரண்டு பிடித்திருக்கலாம். 'நித்திரையாக்கினாள்' என்றால் ஓராட்டிப் பாடியிருக்கிறாள், பிள்ளை தானாகக் கண்மூடியிருக்கிறது. படுப்பது விருப்பம், நித்திரை தானாக வருவது.

நம்பு: இது ஒரு வில்லங்கமான வினை. "நம்பு!" என்று சொல்லலாம், ஆனால் நம்பிக்கை சொல்லி வருவதில்லை. அதனால் "நம்ப வைத்தான்" என்பதில் கட்டாயம் இல்லை. அந்த வெற்றிடத்தில் வேறொன்று வந்து உட்கார்ந்துவிட்டது: ஏமாற்று. "நம்ப வைத்துக் கழுத்தறுத்தான்" என்கிறோம். மோசடி முறைப்பாடு எழுதும்போது இந்தச் சொல் பொருத்தமாக விழும். ஆசிரியர் ஒருவர் மாணவனுக்குத் தன்னம்பிக்கை ஊட்டியதைச் சொல்ல வந்தால் 'நம்ப வைத்தார்' கொஞ்சம் உறுத்தும்.

படி 4: உருபு சொல்கிற குறிப்பு

தானாக நிகழ்கிற மன, உடல் நிலைகள் பலவற்றைத் தமிழ் 'கு' உருபோடு சொல்கிறது: எனக்குப் பசிக்கிறது, எனக்கு விளங்குகிறது, எனக்குக் கோபம் வருகிறது. இவற்றைப் பிறவினையாக்கினாலும் அந்தக் 'கு' பெரும்பாலும் அப்படியே நிற்கும். "எனக்குப் புரிய வைத்தார்." விருப்பவினையில் 'ஐ' வரும். "என்னை எழுத வைத்தார்."

எனவே செய்பவர் மீது 'கு' நின்றால் கட்டாயம் பற்றிக் கவலைப்படத் தேவையில்லை. 'ஐ' நின்றால் படி 2க்குத் திரும்புங்கள், ஏனென்றால் 'ஐ' இரண்டுக்கும் வரும் (தும்ம வைத்ததிலும் 'ஐ'தானே).

சிங்களம் இதை இன்னும் வெளிப்படையாகச் செய்கிறது. 'மம நடனவா' என்றால் நான் ஆடுகிறேன். தன்னையறியாமல் ஆட்டம் வந்தால் 'மட்ட நெடெனவா' என்று வினையும் மாறும், ஆளும் 'எனக்கு' ஆகிவிடுவார். ஆட வைப்பதற்கு 'நட்டவனவா' என்று தனியே உண்டு. வாக்குமூலம் மொழிபெயர்ப்பவர்கள் இந்த நடு வடிவத்தைத் தவறவிடக் கூடாது. தன்னையறியாமல் நடந்ததைச் சொல்கிற சிங்கள வினையைத் தமிழில் வெறுமனே "செய்தேன்" என்று போட்டால் சொன்னவருடைய பாதுகாப்பே போய்விடும். "என்னையறியாமல்", "கைதவறி" என்று ஏதாவது சேர்த்தே ஆக வேண்டும். ஜப்பானிய மொழியிலும் இதற்கு நெருக்கமான ஒன்று உண்டு. செயப்படுபொருள் தேவைப்படாத வினைகளில், செய்பவருக்குப் பின்னால் 'ஓ' என்ற உருபு வந்தால் கட்டாயத்தின் சாயல், 'நி' வந்தால் சம்மதத்தின் சாயல். தானாக நிகழ்கிற வினையில் அந்த 'நி' வரவே வராது.

படி 5: வை, விடு, சொல், இறக்கு – ஒரு பஸ்ஸில் வைத்துப் பார்ப்போம்

கல்முனையிலிருந்து மட்டக்களப்புக்கு வருகிற பஸ். மீன்கூடையோடு ஒரு அம்மா இருக்கிறார். களுவாஞ்சிக்குடியில் அவர் பஸ்ஸை விட்டு இறங்கிவிட்டார். கொண்டக்டர் என்ன செய்தார்?

"இறக்கினார்." அவருடைய இடம் களுவாஞ்சிக்குடியாகவே இருக்கலாம். கூடையைத் தூக்கிக் கொடுத்தும் இருக்கலாம், நடுவழியில் தள்ளிவிட்டும் இருக்கலாம். சொல் வாய் திறப்பதில்லை.

"இறங்க விட்டார்." அந்த அம்மாவுக்கு இறங்க ஆசை இருந்தது. ஒருவேளை அங்கே தரிப்பிடம் இல்லை, கொண்டக்டர் இரக்கப்பட்டார். 'விடு' வந்தால் செய்பவரின் விருப்பம் முன்பே இருந்தது என்று பொருள்.

"இறங்கச் சொன்னார்." சொன்னது மட்டும் உறுதி. "ஆனால் அவ இறங்கேல்ல" என்று தொடரலாம்.

"இறங்க வைத்தார்." அவர் இறங்கியது உறுதி. "இறங்க வைத்தார், ஆனால் இறங்கவில்லை" என்று எழுத முடியாது. தன்பாட்டில் அவர் இறங்கியிருக்க மாட்டார் என்பதும் கூடவே வருகிறது.

இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. "வற்புறுத்தினார்" என்ற சொல்லும் "வைத்தார்" என்ற சொல்லும் ஒன்றையொன்று எதிர்ப்பக்கமாகப் பார்க்கின்றன. வற்புறுத்தினார் என்றால் கட்டாயம் உறுதி, விளைவு உறுதியில்லை. வைத்தார் என்றால் விளைவு உறுதி, கட்டாயம் ஊகம். "கெஞ்சி இறங்க வைத்தார்", "இருபது ரூபாய் திருப்பிக் கொடுத்து இறங்க வைத்தார்", "மிரட்டி இறங்க வைத்தார்" எல்லாம் சரியான தமிழ். ஆகவே 'வை' எந்த வழி என்று சொல்வதில்லை. வழியைச் சொல்லாமல் விட்டால் வாசிப்பவர் தான் நினைத்த வழியை நிரப்பிக்கொள்வார், அதுவும் பெரும்பாலும் மோசமான வழியையே.

சட்டத்துக்கு அந்த வழிதான் முக்கியம். இலங்கையின் சான்றுக் கட்டளைச் சட்டம் (1895ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கம்) 24ஆம் பிரிவில், குற்ற ஒப்புதலைக் கெடுக்கிறவையாகத் தூண்டுதல், அச்சுறுத்தல், வாக்குறுதி என்று மூன்றைத் தனித்தனியாகச் சொல்கிறது. "ஒப்புக்கொள்ள வைத்தார்கள்" என்ற ஒரு தமிழ்ச் சொல்லுக்குள் மூன்றும் சுருண்டு கிடக்கும். வாக்குமூலத்திலும் மனுவிலும் அதைப் பிரித்து எழுதுங்கள்: என்ன சொன்னார்கள், என்ன காட்டினார்கள், என்ன தருவதாகச் சொன்னார்கள்.

எதிர்மறையில் வை, விடு வேறுபாடு இன்னும் பளிச்சென்று தெரியும். "பிள்ளைய அழ விடாத மகள்" என்று பாட்டி சொன்னால், அழுகை தானாக வரும், ஓடிப்போய்த் தூக்கு என்று அர்த்தம். "பிள்ளைய அழ வைக்காத" என்றால் நீதான் காரணம் என்று குற்றம் சாட்டுகிறார்.

படி 6: நல்ல 'வை'யை அடையாளம் காணுங்கள்

படி 2இன்படி பார்த்தால் "அப்பா என்னைப் படிக்க வைத்தார்" கட்டாயமாகத்தான் வர வேண்டும், படிப்பது விருப்பவினை அல்லவா? ஆனால் தமிழில் இதைவிட நன்றியுள்ள வாக்கியம் குறைவு. வாழ வைத்தார், பாட வைத்தார், ஆளாக்கினார் எல்லாம் இந்தக் கூட்டம். வசதியையோ வாய்ப்பையோ கொடுத்ததைச் சொல்கிற 'வை' இது.

குழப்பம் எங்கே வரும் என்றால், "மகளை ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சைக்குப் படிக்க வைத்தோம்" போன்ற இடத்தில். செலவழித்து வகுப்புக்கு அனுப்பினார்களா, விளையாட விடாமல் மேசையில் இருத்தினார்களா? ஐந்தாம் ஆண்டுப் பிள்ளை இருக்கிற வீட்டில் இரண்டும் ஒரே நாளில் நடக்கும் என்பது வேறு கதை.

இதற்கு 'வைக்கவில்லை' என்று மாற்றிப் பார்ப்பது நல்ல சோதனை. "அப்பா என்னைப் படிக்க வைக்கவில்லை" என்பது மனக்குறை. "அதிகாரி என்னைக் கையொப்பமிட வைக்கவில்லை" என்பது அதிகாரிக்குச் சார்பான சாட்சி. எதிர்மறை குறையாக ஒலித்தால் அது நல்ல 'வை'. எதிர்மறை ஒருவரைக் குற்றத்திலிருந்து விடுவித்தால் அது கட்டாய 'வை'.

இன்னொன்று, செயப்பாட்டுவினை. "நான் படிக்க வைக்கப்பட்டேன்" என்று எழுதிப் பாருங்கள். நன்றி எங்கேயோ போய்விட்டது, யாரோ பிடித்து உட்கார வைத்த மாதிரி இருக்கிறது. 'வைக்கப்பட்டேன்' வந்தாலே கட்டாயம் வந்துவிடுகிறது. "சிரிக்க வைக்கப்பட்டார்" என்று எந்தப் பகிடிக்கும் எழுத மாட்டோம். ஆங்கிலத்திலிருந்து மொழிபெயர்க்கிறவர்கள் செயப்பாட்டை அப்படியே இழுத்துவரும்போது, மூலத்தில் இல்லாத வன்முறை தமிழில் முளைக்கிறது.

'பி' விகுதி இந்த ஆபத்தில்லாதது. நாம் 'ரீச்சர் கணிதம் படிப்பிக்கிறா' என்கிறோம். அதில் கற்பித்தல்தான் இருக்கிறது. "மகனைப் படிப்பித்து ஆளாக்கினேன்" என்றாலும் கட்டாயம் கேட்பதில்லை. அதேபோல் "அபிஷேகம் செய்வித்தார்" என்றால் செலவை ஏற்றார், ஐயர் செய்தார். அங்கே 'செய்ய வைத்தார்' என்று எழுதினால் ஐயர் மாட்டேன் என்று நின்றதாகிவிடும்.

கூலி கொடுத்துச் செய்விக்கிற வேலைக்குப் பேச்சில் பிறவினையே வருவதில்லை என்பதையும் கவனியுங்கள். "முடி வெட்டினேன்", "வீடு கட்டினேன்" என்றே சொல்கிறோம், கத்தரிக்கோலையோ கரண்டியையோ தொட்டிருக்க மாட்டோம். தெளிவு வேண்டுமென்றால் "மேசனைக் கொண்டு கட்டுவித்தேன்" என்று எழுதலாம். "மேசனைக் கட்ட வைத்தேன்" என்று யாராவது சொன்னால், முற்பணம் வாங்கிக்கொண்டு வராமல் இருந்த மேசனின் வீட்டு வாசலில் போய் நின்ற கதை ஒன்று பின்னால் இருக்கிறது.

அப்புறம் ஒரே ஒரு எழுத்தில் தலைகீழாகிற ஜோடி: "கலியாணம் செய்து வைத்தார்கள்" – பெற்றோர் முன்னின்று நடத்தினார்கள். "கலியாணம் செய்ய வைத்தார்கள்" – பொலிஸ் வரை போயிருக்கலாம்.

படி 7: ஏவியது யார், அல்லது எது?

2004 டிசம்பர் 26ஆம் தேதிக்குப் பிறகு கரையோர மக்களைப் பற்றி எழுதியவற்றில் "சுனாமி அவர்களை இடம்பெயர வைத்தது" என்று அடிக்கடி வரும். இடம்பெயர்வது விருப்பவினை, போகாமல் இருக்க முடியும். ஆனால் கடலுக்கு எண்ணம் இல்லை. இங்கே நிர்ப்பந்தம் உண்டு, வற்புறுத்தியவர் இல்லை.

அதே மக்களைப் பற்றி, "200 மீற்றர் விதி அவர்களை இடம்பெயர வைத்தது" என்று எழுதுங்கள். சுனாமிக்குப் பின் கிழக்குக் கரையில் கடலிலிருந்து 200 மீற்றருக்குள் கட்டக் கூடாது என்று முதலில் அறிவித்தார்கள். விதியும் உயிரில்லாத பொருள்தான், ஆனால் அதை எழுதிய கை ஒன்று உண்டு. எனவே உயிரில்லாத எழுவாய் வந்தால், அதற்குப் பின்னால் ஆள் இருக்கிறாரா என்று பாருங்கள். இருந்தால் அவரை வெளியே கொண்டுவந்து எழுவாயாக்குங்கள்.

உள்ளுக்குள் மாறுகிற பிறவினைகளின் மௌனத்தையும் இங்கே கவனிக்க வேண்டும். கிழக்கிலங்கையில் 1949இல் கல்லோயா அபிவிருத்திச் சபையோடு தொடங்கிய திட்டத்தைக் 'குடியேற்றத்திட்டம்' என்கிறோம். குடியேறு, குடியேற்று. 'குடியேற்றினார்கள்' என்ற சொல் ஏவியது அரசு என்பதைச் சொல்கிறது. வந்தவர் விரும்பி வந்தாரா என்பதைச் சொல்வதில்லை. காணிக்கு ஆசைப்பட்டு வந்தவரையும் அந்தச் சொல் அடக்கும். 'குடியேற வைத்தார்கள்' என்று எழுதினால் வந்தவர் மறுத்தார் என்ற புதுச் செய்தியைச் சேர்க்கிறீர்கள், அதற்கு ஆதாரம் வேண்டும். 'குடியேறினார்கள்' என்று எழுதினால் அரசையே காணாமலாக்குகிறீர்கள். மூன்று சொல்லும் மூன்று அரசியல். எது உண்மையோ அதை எழுதுங்கள், பழக்கத்தில் வருவதை எழுதாதீர்கள்.

'இடம்பெயர்ந்தோர்' என்ற சொல்லும் அப்படித்தான். 2006, 2007இல் மட்டக்களப்புக்கு வடக்கே உள்ள வாகரைப் பக்கமிருந்து போருக்குத் தப்பி வந்தவர்களையும் அந்தச் சொல்லால்தான் குறித்தார்கள். தன்வினை அது. ஏதோ தாமாகவே பெயர்ந்து வந்தார்கள் போல. பதிவேட்டுக்கு அது போதும். நடந்ததைச் சொல்கிற கட்டுரைக்குப் போதாது.

எல்லாம் சேர்த்து ஒரு மனுவில்

கீழே இருப்பது நானே எழுதிய மாதிரி. ஆனால் இந்த வகை வாக்கியங்கள் மனுக்களில் தாராளமாக வரும்:

"முகாமையாளர் என்னைத் தன்னுடைய அறையில் இருக்க விட்டு, பதவி விலகல் கடிதம் எழுத வைத்தார். என் கையை நடுங்க வைத்து, கையொப்பம் இடுவித்தார். அதுவரை என்னை வெளியே போக விடவில்லை."

'இருக்க விட்டு' என்றால் இவர் இருக்க ஆசைப்பட்டார், அவர் அனுமதித்தார் என்றாகிறது. 'இருக்கச் சொல்லி' அல்லது 'இருத்தி' என்று மாற்ற வேண்டும். 'எழுத வைத்தார்' சரியான சொல், எழுதுவது விருப்பவினை என்பதால் கட்டாயம் தெரிகிறது. ஆனால் வழி இல்லை, மிரட்டலா ஆசைகாட்டலா என்று சொல்ல வேண்டும். 'நடுங்க வைத்து' என்பதில் கட்டாயம் ஏறாது, நடுங்குவது தானாக வருவது. அதைத் தன்வினையாக விட்டாலே போதும். 'இடுவித்தார்' கோயில் திருப்பணிக்குப் பொருந்துகிற சொல். இந்த அறைக்குள் அது பொருந்தவில்லை.

திருத்தினால்:

"முகாமையாளர் என்னைத் தன்னுடைய அறையில் இருக்கச் சொன்னார். இன்றைக்கே பதவி விலகல் கடிதம் தராவிட்டால் பணம் திருடியதாகப் பொலிஸில் முறையிடுவேன் என்று சொல்லி, என்னைக் கடிதம் எழுத வைத்தார். எனக்குக் கை நடுங்கியது. கையொப்பமிடும் வரை என்னை வெளியே போக விடவில்லை."

கடைசி வாக்கியத்தில் கை வைக்கத் தேவையில்லை. 'போக விடவில்லை' என்ற சொல்லிலேயே இவருக்குப் போக விருப்பம் இருந்தது, அவர் தடுத்தார் என்ற இரண்டும் இருக்கின்றன. அதை 'போக வைக்கவில்லை' என்று மாற்றாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தட்டச்சுக் கடையில் சில நேரம் அப்படி மாறித்தான் வருகிறது.